நாற்பதில் நர்ஸிங்: இங்கிலாந்தில் தடை வயதா, வாடகையா?

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1860-ல் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, சேர வருபவர்களுக்கு உகந்த வயது 25 முதல் 35 வரை என்றுதான் விதி எழுதினார்கள். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலே ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் பயிற்சி எடுத்தபோது அவருக்கு வயது 31. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, 18 வயதில் சேர்வதுதான் முறை என்ற எண்ணம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இன்று நம் வீடுகளில் 38 வயதுப் பெண் ஒருவர் நர்ஸிங் படிக்கலாம் என்று இருக்கிறேன் என்று சொன்னால், முதலில் வருவது "இந்த வயசிலயா?" என்ற கேள்விதான்.

இங்கிலாந்தில் வாழ்பவர்களிடம் கேட்பதற்கு அது பொருத்தமான கேள்வியே இல்லை. அங்கே நர்ஸிங் பட்டப் படிப்புக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. அரசு தரும் கல்விக் கட்டணக் கடனுக்கும் கிடையாது. இந்தியாவில் கதை வேறு. இந்திய நர்ஸிங் கவுன்சிலின் விதிகள் ஏ.என்.எம்., ஜி.என்.எம். என்ற நர்ஸிங் சான்றிதழ், டிப்ளமா படிப்புகளில் சேர 35 வயது என்று கோடு போட்டிருக்கின்றன. ஊரிலிருந்து வந்தவர்கள் அந்தக் கோட்டை மனதுக்குள் சுமந்தபடியே லண்டனிலும் கணக்குப் போடுகிறார்கள். நாற்பது வயதில் படிக்க நினைப்பவரை அங்கே உண்மையில் தடுப்பது இரண்டு விஷயங்கள்: மூன்று வருஷம் வீட்டு வாடகையை யார் கட்டுவது, காலை ஏழரை மணி ஷிஃப்டுக்குப் போகும்போது பிள்ளையை யார் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது. இந்த இரண்டுமே அரசுக் கொள்கையால் கூடியும் குறைந்தும் வந்திருக்கின்றன. அந்தக் கதை தெரிந்தால்தான் தன்னால் முடியுமா என்று ஒருவர் சரியாக எடைபோட முடியும்.

லண்டனின் ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் கேர் ஹோம் எனும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் ஏராளம். போரில் படிப்பு பாதியில் நின்று 1983-க்குப் பிறகு வந்து சேர்ந்த இலங்கைத் தமிழர்கள், கணவரின் வேலையை ஒட்டி வந்த தமிழ்நாட்டுக்காரர்கள் என்று பல வகை. முதியவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, முதுகில் புண் வராமல் பார்ப்பது, மறதி நோய் உள்ளவர் இன்று ஏன் சாப்பிட மறுக்கிறார் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. அருகில் நிற்கும் நர்ஸ் மாத்திரை கொடுக்கலாம், இவர்கள் கொடுக்கக் கூடாது, அல்லது தனிப் பயிற்சி பெற்றால்தான் கொடுக்கலாம். இடையில் நிற்பது ஒரு பட்டமும் பதிவு எண்ணும். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் அந்தப் பட்டத்தை நோக்கி நடக்க இவர்களில் பலர் ஆசைப்படுவதில் வியப்பே இல்லை.

இந்த ஆசைக்குப் பழைய வரலாறு ஒன்றும் உண்டு. 1943-ல் பிரிட்டன் இரண்டாம் நிலை நர்ஸ் என்று ஒரு பிரிவை உருவாக்கியது. இரண்டு வருஷப் பயிற்சி, குறைந்த சம்பளம், மேலே போக வழியில்லாத பதவி. போருக்குப் பின் கரீபியத் தீவுகளிலிருந்தும் மற்ற காலனிகளிலிருந்தும் வந்த பெண்களில் பலரை, மூன்று வருஷப் பயிற்சிக்குத் தகுதி இருந்தும், இந்தப் பிரிவில்தான் தள்ளினார்கள். அந்தச் சான்றிதழுக்குப் பிறந்த நாட்டில் மதிப்பே இல்லாமல் போனது. அவர்களில் எத்தனையோ பேர் நடுவயதில், வேலையும் குடும்பமும் கையில் இருக்க, மாற்றுப் படிப்பு படித்து முழு நர்ஸ் ஆனார்கள். நடுவயதில் வகுப்பறைக்குத் திரும்புவது இந்தத் தொழிலில் புதிதல்ல. குடியேறிய பெண்களுக்கு அது பல சமயம் முதல் தடவை மறுக்கப்பட்டதைத் திரும்பப் பெறும் வழியாக இருந்திருக்கிறது.

சரி, உள்ளே போகும் வாசல் எப்படி இருக்கிறது? இங்கிலாந்தில் 2013 முதல் புதிதாக நர்ஸ் ஆக விரும்பும் எல்லோருக்கும் பட்டம் கட்டாயம். அதில் சேர ஆங்கிலத்திலும் கணிதத்திலும் பத்தாம் வகுப்பு அளவுத் தேர்வான ஜி.சி.எஸ்.இ.யில் நான்காம் தரம் அல்லது அதற்கு ஈடானது வேண்டும், அதற்கு மேல் ஏ-லெவல் (நம் பிளஸ் டூ போன்றது) அளவுப் படிப்பும் வேண்டும். யாழ்ப்பாணத்தில் எழுதிய ஓ.எல். என்ற பள்ளித் தேர்வின் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்தவர்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நிற்கத் தேவையில்லை. 19 வயதைத் தாண்டியவர்கள் இந்த இரண்டு பாடங்களிலும் அடிப்படைத் தகுதி இல்லாவிட்டால் உள்ளூர்க் கல்லூரியில் இலவசமாகவே படிக்கலாம். அன்றாடப் பயன்பாட்டு ஆங்கிலம், கணிதத்துக்கான ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் இரண்டாம் நிலைச் சான்றிதழைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. சான்றிதழ் கையில் இருந்தால் வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிடும் யூ.கே. எனிக் அமைப்பிடம் ஒப்பீட்டுக் கடிதம் வாங்கலாம்.

ஏ-லெவலுக்கு மாற்றாக இருப்பது அக்ஸஸ் டிப்ளமா. பள்ளியை விட்டு ஆண்டுகள் பல ஆனவர்களுக்கென்றே 1970-களின் இறுதியில் உருவான படிப்பு இது. ஒரு வருஷம், உள்ளூர்க் கல்லூரியில், உடலியல், உளவியல், கட்டுரை எழுதும் முறை என்று போகும். கட்டணத்துக்குக் கடன் வாங்கலாம். அப்புறம் பட்டப் படிப்பை முடித்துவிட்டால் அந்த அக்ஸஸ் கடனில் மிச்சமிருப்பதைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். பல பேருக்குத் தெரியாத சலுகை இது. ஊரில் பி.எஸ்.சி., பி.காம். முடித்தவர்களுக்கும் இரண்டு பழைய பயங்கள் உண்டு, ஏற்கெனவே பட்டம் இருப்பதால் கடன் தர மாட்டார்கள் என்பது ஒன்று. பொதுவாக இரண்டாவது பட்டத்துக்குக் கடன் இல்லைதான், ஆனால் 2017 முதல் நர்ஸிங்குக்கு விலக்கு இருக்கிறது. மூன்று வருஷம் முழுவதையும் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்பது மற்றொன்று. பட்டதாரிகளுக்கு இரண்டு வருஷ முதுகலை வழி ஒன்றும் உண்டு, முந்தைய படிப்பையும் அனுபவத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

நடுவயதில் திரும்புகிறவர்களை அதிகம் மிரட்டுவது கணிதம். காரணமும் இருக்கிறது. பிரிட்டனின் நர்ஸிங் கவுன்சிலான என்.எம்.சி.யின் 2018 விதிப்படி, மருந்துக் கணக்குத் தேர்வில் 100-க்கு 100 எடுத்தால்தான் தேர்ச்சி. 95 எடுத்தாலும் தோல்விதான். ஆனால் கணக்குகளைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். டாக்டர் எழுதியிருப்பது 75 மில்லிகிராம். குப்பியில் 2 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம் இருக்கிறது. ஊசியில் எவ்வளவு எடுக்க வேண்டும்? வேண்டியதை இருப்பதால் வகுத்து, அது கரைந்திருக்கும் அளவால் பெருக்கினால் 1.5 மில்லிலிட்டர். ஒரு லிட்டர் சலைன் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும் என்றால் மணிக்கு 125 மில்லிலிட்டர். பம்ப் இல்லாமல் சொட்டு எண்ணி விட வேண்டும், ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்றால் நிமிஷத்துக்கு 42 சொட்டு. நம் ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு தாண்டிய யாருக்கும் எட்டாத கணக்கு இல்லை இது. சிரமம் கணக்கில் இல்லை, மேற்பார்வையில் இருக்கும் பதற்றத்திலும் ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும் என்ற பொறுப்பிலும் இருக்கிறது. குடும்பத்தை நடத்தி, மருந்துச் சீட்டைப் படித்து, வயதானவர்களைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கு அந்தப் பொறுப்பு என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் தடுமாறும் இடம் இன்னொன்று: கட்டுரையும் மேற்கோள் முறையும். இருபது வருஷமாக ஆங்கிலத்தில் பேசியே வேலை செய்தவருக்கு, 3,000 சொல்லில் ஆதாரத்தோடு வாதம் எழுதுவது புது உலகம். பல்கலைக்கழக நூலகத்தின் எழுத்துப் பயிற்சி வகுப்புகளுக்கு முதல் வாரத்திலிருந்தே போவது நல்லது.

அடுத்தது நேரம். இந்தப் படிப்பின் மொத்த அளவு 4,600 மணி நேரம் என்று பல ஆண்டுகளாக விதி இருந்து வருகிறது. அதில் பாதி, அதாவது 2,300 மணி நேரம், வார்டிலும் சமூக மருத்துவப் பணியிலும் நேரடிப் பயிற்சி. இதில் 600 மணி நேரம் வரை நிஜ வார்டைப் போல அமைத்த மாதிரிப் பயிற்சிக் கூடத்தில் செய்யலாம் என்று 2023-ல் தளர்த்தினார்கள். மாணவரை வார்டின் ஊழியர் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது, அவர் கற்பதற்காக வந்தவர் என்பதும் விதி. ஆள் பற்றாக்குறை உள்ள வார்டுகளில் அந்த எல்லை மங்கிப்போகும் என்று மாணவர்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள், அந்தக் கசப்பில் நியாயம் இருக்கிறது.

நீண்ட ஷிஃப்ட் என்றால் காலை 7.30 வாக்கில் ஹேண்ட்ஓவர் (முந்தைய ஷிஃப்டிடமிருந்து பொறுப்பை வாங்குவது), இரவு 8 மணி வாக்கில் கிளம்பலாம். பள்ளியில் காலை உணவு கிளப் இருந்தாலும் பெரும்பாலும் ஷிஃப்ட் தொடங்கிய பிறகுதான் கதவு திறக்கும். எந்த மருத்துவமனை என்று பல்கலைக்கழகம் ஒதுக்கும், சில சமயம் ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும். இரவு ஷிஃப்டும் வார இறுதியும் உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விடுபட்டால் அந்த மணி நேரத்தைப் பின்னால் ஈடுகட்ட வேண்டும். மற்ற மாணவர்களுக்கு இருக்கும் நீண்ட கோடை விடுமுறையும் இதில் இல்லை, அதனால் விடுமுறையில் வேலை செய்து காசு சேர்க்கும் வழியும் அடைபடுகிறது. கணவர், மாமியார், தங்கை, பக்கத்து வீட்டு அக்கா என்று யாராவது ஒருவர் காலை ஆறரைக்கு வீட்டுக்குள் வரத் தயாராக இருக்கிறாரா என்பதுதான் இந்தப் படிப்பின் எழுதப்படாத நுழைவுத் தேர்வு.

இப்போது பணத்துக்கு வருகிறேன், நான் சொல்ல வந்ததில் கனமான பகுதி இதுதான். 2017 வரை இங்கிலாந்தில் நர்ஸிங் மாணவர்கள் கட்டணமே கட்டவில்லை. அரசின் பொது மருத்துவ சேவையான என்.எச்.எஸ். கட்டியது. அதற்கு மேல் உதவித்தொகை, குடும்பம் உள்ளவர்களுக்குச் சார்ந்தோர் படி, குழந்தைப் பராமரிப்புப் படி என்று திரும்பக் கட்டத் தேவையில்லாத பணமும் கிடைத்தது. நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2015 நவம்பரில் இதை நிறுத்துவதாக அறிவித்தார். 2017 ஆகஸ்ட் முதல் புதிய மாணவர்கள் எல்லோரும் கடனுக்கு மாறினார்கள். அரசின் வாதத்தில் ஒரு தர்க்கம் இருந்தது: உதவித்தொகைக்கு ஒதுக்கும் பணம் குறைவு என்பதால் இடங்களின் எண்ணிக்கையும் குறைவாக இருக்கிறது, கடனுக்கு மாற்றினால் பல்கலைக்கழகங்கள் 10,000 இடங்கள் வரை கூடுதலாகத் திறக்கலாம் என்றார்கள். நடந்தது வேறு. அடுத்த விண்ணப்பச் சுற்றிலேயே இங்கிலாந்தில் நர்ஸிங் விண்ணப்பதாரர்கள் 23 சதவீதம் குறைந்தார்கள். அதிகம் விலகியவர்கள் 25 வயதைத் தாண்டியவர்கள்.

காரணம் எளிது. 18 வயது மாணவிக்குக் கடன் என்பது நாற்பது வருஷ உழைப்பின் ஓரத்தில் கழியும் ஒரு தொகை. 40 வயதுப் பெண்ணுக்கு வீட்டுக் கடன், பிள்ளையின் படிப்பு, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பும் காசு எல்லாம் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. இன்னொரு கடன் என்றதும் கை பின்னால் போவது இயல்பு.

இந்த விலகலின் அடி எல்லாப் பிரிவிலும் ஒரே மாதிரி விழவில்லை. பிரிட்டனில் நர்ஸிங் படிப்பில் சேரும்போதே பெரியவர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசி இரண்டும் பள்ளி முடித்த பிள்ளைகள் கண்ணில் படுவதே இல்லை. வீட்டில் ஆட்டிசம் உள்ள தம்பி இருப்பவர், மனநல விடுதியில் வேலை செய்தவர் என்று வாழ்க்கையில் அவற்றைத் தொட்டவர்கள்தான் தேடி வருவார்கள், அவர்கள் பெரும்பாலும் வயது கூடியவர்கள். அவர்கள் வராமல் போனபோது கற்றல் குறைபாட்டு நர்ஸிங் படிப்பைச் சில பல்கலைக்கழகங்கள் நிறுத்தவே வேண்டி வந்தது. சேமிப்பு என்று கணக்கில் எழுதியதன் விலையைத் தனக்காகப் பேச முடியாத நோயாளிகள் கொடுத்தார்கள். எனக்கு இது இன்றும் ஆறாத கோபம்.

ஸ்காட்லாந்து உதவித்தொகையை விடவில்லை, 2020-ல் ஆண்டுக்கு 10,000 பவுண்டாக உயர்த்தியது. வேல்ஸும் வைத்துக்கொண்டது, படித்து முடித்து இரண்டு வருஷம் அங்கேயே வேலை செய்ய ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை. இங்கிலாந்து பாதி வழி திரும்பியது. 2020 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு, திரும்பக் கட்டத் தேவையில்லாமல். மனநலம், கற்றல் குறைபாடு போன்ற பிரிவுகளுக்கு மேலும் 1,000. பிள்ளை உள்ளவர்களுக்கு மேலும் 2,000. அப்புறம் கோவிட் வந்தது. 2021-ல் 35 வயதைத் தாண்டிய விண்ணப்பதாரர்கள் முதல் முறையாக 10 ஆயிரத்தைக் கடந்தார்கள். அந்த அலை நீடிக்கவில்லை, விலைவாசி ஏறியதும் எண்ணிக்கை மறுபடி இறங்கியது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025-26 கல்வியாண்டில் கட்டணம் ஆண்டுக்கு 9,535 பவுண்டு, அது முழுக்கக் கடன். வாழ்க்கைச் செலவுக் கடன் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது, கணவரின் சம்பளத்தையும் பார்ப்பார்கள். கணவர் ஓரளவு சம்பாதித்தால் இவர் கைக்கு வருவது வெகுவாகச் சுருங்கும். குறைந்த வருமானத்தினருக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் வாங்கும் தாய்க்கு இந்தக் கடனையே வருமானமாகக் கணக்கிட்டு அங்கே கழிப்பார்கள். எல்லாவற்றையும் விட நெருடுவது குழந்தைப் பராமரிப்பு. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஒன்பது மாதக் குழந்தையிலிருந்தே வாரம் 30 மணி நேரம் அரசு செலவில் கிடைக்கிறது. வார்டில் வாரம் முழுக்க நின்றாலும் மாணவ நர்ஸுக்கு அது கிடையாது, ஏனென்றால் அவர் சம்பளம் வாங்கவில்லை, சட்டப்படி அது வேலை இல்லை. இந்த ஒரு விதியை மாற்றினாலே எத்தனையோ பெண்கள் உள்ளே வருவார்கள்.

திருப்பிக் கட்டுவது மட்டும் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. 2023 ஆகஸ்ட் முதல் சேர்ந்தவர்கள் ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் வாங்கும் தொகையில்தான் 9 சதவீதம் கட்ட வேண்டும். புதிய நர்ஸின் தொடக்கச் சம்பளம் 2025-26-ல் சுமார் 31,000 பவுண்டு. மாதம் 45 பவுண்டு அளவில் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். சம்பளம் நின்றால் பிடித்தமும் நிற்கும். நாற்பது வருஷத்தில் மிச்சம் தள்ளுபடி. வட்டிக்கடைக் கடன் மாதிரி கதவைத் தட்டும் கடன் அல்ல இது. சிரமம் படிக்கும் மூன்று வருஷத்தில்தான் குவிந்திருக்கிறது.

அந்த மூன்று வருஷத்தைச் சம்பளத்தோடு கடக்க ஒரு வழி உண்டு: டிகிரி அப்ரன்டிஸ்ஷிப். மருத்துவமனை ஊழியராக இருந்துகொண்டே, சுமார் நான்கு வருஷத்தில் பட்டம். கட்டணம் கிடையாது, கடன் கிடையாது. அல்லது இரண்டு வருஷத்தில், உதவியாளருக்கும் நர்ஸுக்கும் இடைப்பட்ட பதவியான நர்ஸிங் அசோசியேட் ஆகி, கொஞ்ச காலம் வேலை செய்து, பிறகு இன்னும் இரண்டு வருஷம் படித்து நர்ஸ் ஆகலாம். நடுவயதினருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்றே சொல்வேன். ஆனால் தேர்ந்தெடுப்பது முதலாளி. பெரிய நிறுவனங்களின் சம்பளப் பட்டியலிலிருந்து 2017 முதல் வசூலிக்கும் பயிற்சி வரி கட்டணத்தை மட்டுமே ஈடுகட்டும். இவர் வகுப்புக்குப் போகும் நாளில் அந்த இடத்தில் நிற்கும் ஆளுக்கான செலவு முதலாளியுடையது. முப்பது படுக்கை உள்ள தனியார் கேர் ஹோம் அதற்குத் துணியாது. இந்த வழி வேண்டும் என்றால் முதலில் என்.எச்.எஸ். மருத்துவமனையில் உதவியாளர் வேலைக்கு மாறிவிடுவது புத்திசாலித்தனம்.

இரண்டு எச்சரிக்கைகள். தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ ஏற்கெனவே நர்ஸிங் முடித்துப் பதிவு பெற்று, இங்கிலாந்துக்கு வந்து கேரராக (பராமரிப்புப் பணியாளராக) வேலை செய்பவர்கள் மறுபடி பட்டப் படிப்பில் சேர வேண்டியதே இல்லை. கணினித் தேர்வு ஒன்று, செய்முறைத் தேர்வான ஆஸ்கி ஒன்று, ஆங்கிலத் தகுதி, இவ்வளவுதான். ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் அரை மதிப்பெண்ணில் தவறவிட்டவர்கள், பிரிட்டனில் சுகாதார, பராமரிப்புத் துறையில் ஒரு வருஷமாவது வேலை செய்திருந்தால், முதலாளியின் சான்றுக் கடிதத்தைத் துணைக்கு வைக்க 2023 முதல் என்.எம்.சி. அனுமதிக்கிறது. இது தெரியாமல் வருஷங்களையும் பணத்தையும் விடக் கூடாது. இரண்டாவது விசா. நிரந்தர வசிப்புரிமை வராத வேலை விசாக் குடும்பத்தினருக்கு இந்தக் கடனும் உதவித்தொகையும் பொதுவாகக் கிடைக்காது, கட்டணமும் வெளிநாட்டு மாணவர் கட்டணமாக இருக்கும். அகதி அந்தஸ்து பெற்றவர்கள் மூன்று வருஷம் காத்திராமலே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன் வசிப்புரிமைக் கடிதத்தை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

காலக் கணக்கும் முக்கியம். அக்ஸஸ் படிப்பு செப்டம்பரில் தொடங்கும். அது நடந்துகொண்டிருக்கும்போதே ஜனவரியில் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் விண்ணப்பம் போக வேண்டும். அடுத்த செப்டம்பரில் பல்கலைக்கழகம், அங்கிருந்து மூன்று வருஷம். ஆங்கிலமும் கணிதமும் மீதம் இருந்தால் முன்னால் இன்னொரு வருஷம். 40 வயதில் தொடங்குபவர் 45-ல் பதிவு எண்ணோடு வெளியே வருவார், ஓய்வூதிய வயதுக்கு இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும்.

வெளியே வந்ததும் வேலை இருக்குமா? நர்ஸ் பற்றாக்குறை என்று ஓயாமல் கேட்டு வளர்ந்த நாட்டில் இப்படி ஒரு கேள்வி எழும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் மருத்துவமனைகள் செலவைக் கட்டுப்படுத்தியதால் 2025-ல் படித்து முடித்த பலருக்குப் பணியிடமே கிடைக்கவில்லை. அந்த ஆகஸ்டில் அரசு, புதிய நர்ஸுகளுக்கும் பிரசவச் செவிலியர்களுக்கும் வேலை உறுதித் திட்டம் ஒன்றை அறிவித்தது. 22 வயதினர் லண்டனில் கிடைக்காவிட்டால் லீட்ஸுக்கோ நியூகாசிலுக்கோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் பெண்ணால் அது முடியாது, தான் பயிற்சி எடுத்த மருத்துவமனையையும் சுற்றியுள்ள இரண்டு மூன்று இடங்களையும்தான் அவர் நம்பியிருக்கிறார். அதனால் மூன்றாம் வருஷத்தில் கடைசிப் பயிற்சி எந்த வார்டில் என்பது வரும்போது, வேலை காலியாக வாய்ப்புள்ள வார்டைக் கேட்டு வாங்குங்கள். அந்த வார்டு மேலாளரிடம், முடித்ததும் இங்கேயே விண்ணப்பிக்க விரும்புகிறேன் என்று முதல் வாரத்திலேயே சொல்லி வையுங்கள்.